முயல் ஓடையில் பொன் சேர்ந்த விதம்

ரேஷன் அரிசியில் கல் கிடந்த நாட்களில் எங்கள் வீட்டில் அரிசி களைவது இரண்டு பாத்திர வேலை. அம்மா ஒரு குண்டானில் அரிசியும் தண்ணீருமாக வைத்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்து அசைத்து, அரிசியை இன்னொரு பாத்திரத்துக்குத் தள்ளுவார். அரிசி தண்ணீரோடு போய்விடும். கடைசியில் ஒரு கை நீரில் நாலைந்து கல் அடியில் நிற்கும். இலங்கையில் இதற்கென்றே அரிக்கன்சட்டி உண்டு. அதன் உட்புறத்தில் வரிவரியாகப் பள்ளம் கீறியிருப்பார்கள். கல் அந்த வரிகளில் சிக்கிக்கொள்ளும். ஆற்றில் தங்கம் எடுக்கும் தொழில் முழுவதும் இந்த வித்தைக்குள் அடக்கம். கனமானது பின்தங்கும், லேசானது அடித்துக்கொண்டு போகும். அம்மா எறிந்துவிடும் கல்லின் இடத்தில் அங்கே தங்கம் நிற்கும்.

தங்கச் சுரங்கம் என்றதும் நமக்குக் கோலார்தான் நினைவுக்கு வரும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் ஆட்கள் 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிப் பாறையை உடைத்த இடம் அது. அங்கே தங்கம் பிறந்த பாறையிலேயே இருந்தது. மனிதன்தான் இறங்கிப்போய் உடைத்து, பொடித்து, பிரித்தான். நான் சொல்லப்போவது வேறு வகை. அந்த உடைப்பையும் பொடிப்பையும் பிரிப்பையும் மழையும் பனியும் ஆறுமே செய்து முடித்து, தங்கத்தை மட்டும் ஓரிடத்தில் ஒதுக்கி வைத்திருக்கும். இதற்குப் பிளேசர் படிவு என்று பெயர். இதற்குப் பேர்போன ஓடை கனடாவின் வடமேற்கு மூலையில், யூகான் பிரதேசத்தில் இருக்கிறது.

கிளாண்டைக் ஆறு யூகான் பேராற்றில் கலக்கும் முனையில் டாசன் என்றொரு சிறு நகரம். ஆர்க்டிக் வட்டம் அங்கிருந்து அதிகத் தூரமில்லை. நகரத்துக்குச் சற்று மேலே, தெற்கிலிருந்து வந்து கிளாண்டைக்கில் விழும் ஓடைக்கு 1896 வரை முயல் ஓடை என்று பெயர். அந்த ஆண்டு ஆகஸ்டில் அதைப் பொனான்சா என்று மாற்றினார்கள். கொழுத்த வரவு என்று பொருள். பார்வைக்கு அது சின்ன ஓடைதான். பல இடங்களில் தாவிக் கடந்துவிடலாம். அதன் கிளை ஓடை ஒன்று எல்டொராடோ. இந்த இரண்டு பள்ளத்தாக்குகளும் கொடுத்த தங்கத்துக்கு ஈடாக அந்த வட்டாரத்தில் வேறு எதையும் சொல்ல முடியாது.

அங்கே அடிப்பாறை ஷிஸ்ட் எனப்படும் உருமாறிய பாறை. அப்பளக்கட்டு போல ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். விரல் நகத்தை நுழைத்தாலே சில இடங்களில் ஏடு பிரியும். ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் நடமாடிய காலத்தில், பூமிக்குள் ஆழத்திலிருந்து வெந்நீர் இந்தப் பாறையின் வெடிப்புகள் வழியே மேலேறியது. அதில் சிலிக்காவும் கொஞ்சம் தங்கமும் கரைந்திருந்தன. நீர் குளிர்ந்தபோது வெடிப்புகளில் வெள்ளைப் படிகக்கல் அடைந்தது. அதற்குள் பொட்டுப் பொட்டாகத் தங்கம் தங்கியது. இந்தப் படிகக்கல் ரேகைகள் மெலிந்தவை, சிதறியவை. உடைத்தெடுத்தால் கூலிக்குக் கட்டாது. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டு அவகாசம் உள்ளவருக்குக் கூலிக் கணக்கு எதற்கு?

மலை மெல்லத் தேய்ந்தது. ஷிஸ்ட் மக்கி மண்ணாகியது. படிகக்கல் உடைந்து கூழாங்கல் ஆனது. தங்கம் மக்காது, துருப்பிடிக்காது, சாதாரண ஆற்றுநீரில் கரையாது. சுற்றியிருந்ததெல்லாம் போய்க்கொண்டிருக்க அது மட்டும் மிஞ்சியது. ஓடைகள் இந்தச் சரக்கை வாரிக்கொண்டு இறங்கின. ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வரை, அகன்ற பள்ளத்தாக்குகளில் அவை சரளைக்கல்லைப் பரப்பிக்கொண்டே இருந்தன. சில இடங்களில் 40 மீட்டர் கனத்துக்குச் சரளை சேர்ந்தது. படிகக்கல் மிகுந்து, மற்றவை வெளுத்துப்போய், தூரத்திலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு அடித்தது போலத் தெரியும். வெள்ளைக் கால்வாய் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். முதல் அரிப்பு இங்கே நடந்தது.

பிறகு பனியுகம் வந்தது. அதுவரை யூகான் ஆற்றின் மேற்பகுதி தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தெற்கே மலைகளில் வளர்ந்த பனிப்பாளம் அதன் வழியை அடைத்துவிட்டது. ஆறு திரும்பி, இன்று ஓடுகிற வடமேற்குத் திசையைப் பிடித்துக்கொண்டது. புது வழியில் ஆற்றின் மட்டம் தாழ, அதில் விழுகிற ஓடைகளும் தங்கள் படுகையை ஆழமாக அறுத்துக்கொண்டு இறங்கின. பொனான்சா தன் பழைய படுகையையே அறுத்தது. வெள்ளைச் சரளையின் ஒரு பகுதி இருபுறமும் மேட்டில், இன்றைய ஓடைக்கு 50 முதல் 100 மீட்டர் உயரத்தில், படிக்கட்டு போல நின்றுவிட்டது. மீதி எல்லாம் புது ஓடையில் விழுந்து மறுபடியும் கழுவப்பட்டது. முன்பே ஒருமுறை அரித்த சரக்கு அது. அதை இரண்டாம் முறை அரித்தால் அடியில் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். முயல் ஓடையின் செல்வம் இப்படி வந்தது.

தண்ணீரில் தங்கம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் படிகக்கல் 2.65 கிராம். அதே அளவு சுத்தத் தங்கம் 19.3 கிராம். ஓடை வெள்ளத்தில் உருளும்போது சரளைப் படுகை முழுவதும் அதிரும். தங்கம் கற்களின் இடுக்கு வழியே கீழே கீழே நழுவும். அடிப்பாறையைத் தொட்டபின்தான் நிற்கும். அங்கும் நிற்பதில்லை. ஷிஸ்ட் ஏடுகள் செங்குத்தாக நிற்கும் இடங்களில், ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே இறங்கிவிடும். அரிக்கன்சட்டியின் வரிகள் செய்கிற வேலையை அந்தப் பாறையின் வரிகள் செய்தன. அதனால் விவரம் தெரிந்தவர்கள் சரளையோடு நிறுத்துவதில்லை. அடிப்பாறையையும் முழங்கால் ஆழத்துக்குப் பெயர்த்து, வெடிப்புகளைக் கத்தியால் சுரண்டி எடுப்பார்கள்.

தங்கம் படுகை முழுவதும் பரவிக் கிடக்கவும் இல்லை. வெள்ளத்தின் வேகம் எங்கே தளர்கிறதோ அங்கேதான் கொட்டும்: வளைவின் உட்புறம், ஓடை திடீரென்று அகலும் இடம், பெரிய பாறையின் பின்பக்கம். பள்ளத்தாக்கின் நடுவே நெளிந்து போகும் குறுகிய பட்டை ஒன்றில்தான் பணம். அந்தப் பட்டையும் இன்றைய ஓடையின் கீழேயே இருக்கவேண்டும் என்பதில்லை. பழைய ஓடை எங்கே நெளிந்ததோ அங்கே இருக்கும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டைமேல் குழி போட்டவன் செல்வந்தன் ஆவான். பத்தடி தள்ளிப் போட்டவன் ஒரு குளிர்காலம் முழுக்க உழைத்து வெறும் சரளை பார்ப்பான்.

பனியுகத்தில் கனடாவின் பெரும்பகுதியைப் பனிப்பாளம் மூடியபோது கிளாண்டைக் வட்டாரம் மட்டும் வெறிச்சென்று கிடந்தது. கடற்கரை மலைகள் ஈரக்காற்றை மறித்துவிட்டதால் அங்கே பனி குவியவில்லை. குவிந்து பனியாறாக நகர்ந்திருந்தால், பல லட்சம் ஆண்டு சேர்ந்த சரளையை ஒரே வழியலாக வழித்து எங்கெங்கோ சிதறடித்திருக்கும். அந்த வறண்ட குளிர்தான் படிவைக் காப்பாற்றியது. காற்று கொண்டுவந்த நுண்மண்ணும் மக்காத புல்லும் வேரும் சரளைமேல் படிந்து, உறைந்து, கறுப்புப் போர்வையாக மூடின. நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். அந்தப் போர்வைக்குள் மாமத யானை, காட்டெருமை, குதிரை எல்லாம் எலும்பாகக் கிடைக்கின்றன. 2022 ஜூனில் டாசனுக்குத் தெற்கே யுரேகா ஓடையில் தங்கத்துக்குத் தோண்டியவர்கள் தோலும் முடியும் கெடாத மாமதக் குட்டி ஒன்றைக் கண்டார்கள். வயது 30,000 ஆண்டுகளுக்கு மேல். அந்த மண்ணின் மக்கள் அதற்கு நுன் சோ கா என்று தங்கள் மொழியில் பெயரிட்டார்கள். பெரிய குட்டி விலங்கு என்று பொருள்.

இனி மனிதர் கதை. 1896 ஆகஸ்டில் முயல் ஓடையில் பொன்னைக் கண்டது ஒரு குடும்பம். டாகிஷ் இனத்தைச் சேர்ந்த கீஷ், அவருடைய சகோதரி ஷா ட்லா, மருமகன் கா கூஸ், ஷா ட்லாவின் கணவரான ஜார்ஜ் கார்மாக் என்ற வெள்ளையர். கீஷை வெளியார் ஸ்கூக்கம் ஜிம் என்றார்கள்; ஸ்கூக்கம் என்றால் பலசாலி. நில அளவையாளர் வில்லியம் ஓகில்விக்காகச் சில்கூட் கணவாயில் 156 பவுண்டு மூட்டையை ஒரே நடையாக முதுகில் ஏற்றிச் சென்றவர் அவர். தங்கத்தை முதலில் பார்த்தது கீஷ் என்று அவர் குடும்பத்தார் சொல்வார்கள்; கார்மாக் தானே என்று சொல்லிக்கொண்டார். நான் குடும்பத்தார் பக்கம். ஆகஸ்ட் 17 அன்று தங்கள் பங்குகளைக் குறிக்க முளைக்குச்சி நட்டபோது, கண்டுபிடித்தவருக்கு உரிய கூடுதல் பங்கைக் கார்மாக் பெயரில்தான் எழுதினார்கள். பூர்வகுடியினர் பெயரில் அந்த உரிமையைப் பிறர் ஏற்கமாட்டார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஷா ட்லா பெயரில் எதுவும் பதிவாகவில்லை.

மலையின் மறுபக்க ஓடையில் ராபர்ட் ஹெண்டர்சன் என்பவர் ஏற்கெனவே தங்கம் அரித்துக்கொண்டிருந்தார். கார்மாக்கை இந்தப் பக்கம் தேடச் சொன்னவரே அவர்தான். ஆனால் கீஷையும் கா கூஸையும் அவர் மதிக்கவில்லை; புகையிலை கேட்டதற்கும் கொடுக்கவில்லை என்று சொல்வார்கள். பொன் கிடைத்தபோது யாரும் மலையேறிப் போய் அவருக்குச் சொல்லவில்லை. சேதி தெரிவதற்குள் பொனான்சா முழுவதும் முளைக்குச்சி நட்டு முடிந்திருந்தது.

பதிவு செய்ய ஆற்றின் கீழே ஃபார்ட்டிமைல் என்ற ஊருக்குப் போனார்கள். கார்மாக் ஒரு துப்பாக்கித் தோட்டா உறையிலிருந்து தங்கத்தைத் தராசில் கொட்டினார். அவரைப் புளுகர் என்று நினைத்திருந்தவர்கள் அதைப் பார்த்ததும் மௌனமானார்கள். தங்கத்துக்கு முகம் உண்டு. அதில் கலந்த வெள்ளியின் அளவுக்கேற்ப நிறம் மாறும். பயணம் செய்த தூரத்துக்கேற்ப வடிவம் மாறும். பிறந்த பாறைக்குப் பக்கத்தில் கிடப்பது முரடாக, கொம்பும் குழியுமாக இருக்கும். தொலைவு போனது தட்டி வைத்த செதில் போல மெலியும். பொனான்சாவின் தங்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெள்ளி. நம் பொற்கொல்லர் கணக்கில் சுமார் 19 காரட். இது தாங்கள் அறிந்த எந்த ஓடையின் தங்கமும் அல்ல என்று அந்தப் பழைய கைகளுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. இரவோடு இரவாகப் படகுகள் கிளம்பின.

ஒரு பங்கு என்பது ஓடையின் நீளவாக்கில் 500 அடி. கயிற்றால் அவசரமாக அளந்ததில் குளறுபடி. 1897 தொடக்கத்தில் ஓகில்வி வந்து முறையாக அளந்தபோது, கண்டுபிடிப்புப் பங்குக்கு, அதாவது கார்மாக் முதலில் குறித்த பங்குக்கு, மேலே உள்ள இரண்டாம் பங்கில் 86 அடி கூடுதலாக இருந்தது. அளவைக் குழுவிலிருந்த டிக் லோ அந்தத் துண்டில் குச்சி நட்டுக்கொண்டார். 900 டாலருக்கு விற்கப் பார்த்தார், வாங்க ஆளில்லை. வேறு வழியில்லாமல் தானே தோண்டினார். பட்டை நேராக அவர் துண்டுக்கு அடியில் ஓடியிருந்தது. அந்த 86 அடி கொடுத்தது ஏறக்குறைய 5 லட்சம் டாலர்.

தோண்டுவது என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். நிலம் கருங்கல்லாக உறைந்திருக்கிறது. பணம் 5, 10 மீட்டர் ஆழத்தில் அடிப்பாறைமேல் இருக்கிறது. மாலையில் குழிக்குள் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். காலையில் புகை அடங்கியதும் இறங்கினால், ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் மண் இளகியிருக்கும். அதை வாரி, வாளியில் ஏற்றி, உருளையைச் சுற்றி மேலே இழுத்துக் கொட்டுவார்கள். மறுபடியும் தீ. அடிப்பாறை வந்ததும் பக்கவாட்டில் எலிவளை போலப் போவார்கள். கோடையில் இதைச் செய்ய முடியாது, குழியில் நீர் நிரம்பிவிடும். ஆகவே வேலை முழுவதும் சுழியத்துக்குக் கீழே 40, 50 டிகிரிக் குளிரில். வெளியே கொட்டிய குவியல் உடனே மறுபடி உறையும். அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பது வசந்தத்தில் பனி உருகி ஓடையில் நீர் வந்தபின்தான் முழுதாகத் தெரியும்.

நீர் வந்ததும் பலகைக் கால்வாய் அமைப்பார்கள். நீண்ட மரத்தொட்டி, அடியில் குறுக்குச் சட்டங்கள். மேலே மண்ணைக் கொட்டி நீரை விட்டால் சரளை போய்விடும், சட்டங்களின் பின்னால் கருமணலும் தங்கமும் தேங்கும். நுண்தூளைப் பிடிக்கப் பாதரசம் விடுவார்கள். அது தங்கத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கிவிடுவார்கள். விறகு, கால்வாய், குடிசை என்று எல்லாவற்றுக்கும் மரம் வேண்டும். அந்தக் காலப் புகைப்படங்களில் பொனான்சாவின் இருபுற மலைகளும் மொட்டையாக நிற்கின்றன.

1897 ஜூலையில் இரண்டு கப்பல்கள் தங்கத்தோடு சான்பிரான்சிஸ்கோவிலும் சியாட்டிலிலும் கரை சேர்ந்தன. அங்கிருந்து தொடங்கிய ஓட்டம் உலகம் அறிந்தது. லட்சம் பேர் கிளம்பினார்கள் என்பார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் 30,000, 40,000. அவர்கள் வருவதற்கு முன்பே நல்ல ஓடைகள் எல்லாம் கைமாறிவிட்டிருந்தன.

புதிதாக வந்தவர்களைச் சீச்சாக்கோ என்று பழையவர்கள் கேலி செய்வார்கள். இடம் கிடைக்காத சில சீச்சாக்கோக்கள் மலைச்சரிவில் ஏறிக் குழி போட்டார்கள். தங்கம் பள்ளத்தில்தானே தேங்கும், மேட்டில் எவனாவது தேடுவானா என்று கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். மேட்டிலிருந்தது அந்தப் பழைய வெள்ளைக் கால்வாய். ஓடை அறுத்துவிட்டுப்போன மீதி, முதல் அரிப்பின் தங்கத்தோடு அப்படியே கிடந்தது. அந்த மேடுகளில் ஒன்றுக்குச் சீச்சாக்கோ குன்று என்ற பெயரே நிலைத்துவிட்டது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆறு எப்போதும் இன்று ஓடுகிற இடத்திலேயே ஓடியிருக்கும் என்று நம்பியவர்கள் தங்கள் தலைக்கு மேலிருந்ததைப் பார்க்கத் தவறினார்கள்.

கிளாண்டைக் என்ற பெயர் ட்ரொண்டெக் என்ற ஹான் மொழிச் சொல்லின் திரிபு. சால்மன் மீன் பிடிக்க ஆற்றில் முளை அடிக்கும் சுத்தியல் கல்லைக் குறித்த பெயர் அது. ஆறு கலக்கும் முனையில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடி முகாம் வைத்திருந்தவர்கள் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள். ஓட்டம் தொடங்கியதும் அந்த முனை குடிசைகளும் மதுக்கடைகளுமாக நிறைந்தது. தலைவர் ஐசக் தன் மக்களை ஆற்றின் கீழே மூஸ்ஹைட் என்ற இடத்துக்கு அழைத்துச் சென்றார். பாடல்களும் ஆட்டங்களும் அழிந்துபோகும் என்று அஞ்சி, அலாஸ்காவில் உள்ள உறவு மக்களிடம் அவற்றைப் பாதுகாக்கக் கொடுத்துவைத்தார். நூறாண்டு கழித்து, 1998-இல், அவர்களுடைய நில உரிமை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பாடல்களும் திரும்பி வந்தன. 2023-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபிடமாக ஏற்றபோது ட்ரொண்டெக் என்பதைப் பெயரில் முதலில் வைத்தது.

கை வேலை சில ஆண்டுகளில் ஓய்ந்தது. 1899-இல் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் பொன் என்றதும் கூட்டம் அங்கே ஓடியது. பிறகு வந்தவை நிறுவனங்கள். மேட்டுச் சரளையைப் பீச்சுநீரால் உடைக்க, 1909-க்குள் 100 கிலோமீட்டருக்கு மேல் கால்வாயும் குழாயும் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பள்ளத்தாக்கில் மிதக்கும் தூர்வாரிகள் இறங்கின. 1912-இல் கட்டிய நான்காம் எண் தூர்வாரி இன்றும் பொனான்சாவின் ஓரம் நிற்கிறது. 8 மாடி உயரம், 3,000 டன் எடை, மரத்தாலான அடிப்பாகம். முன்னால் சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகள், ஒவ்வொன்றும் 16 கன அடி கொள்ளும். அவை அடிப்பாறை வரை சுரண்டி மேலே கொண்டுவரும். உள்ளே சுழலும் சல்லடை. நுண்மண் சட்டம் வைத்த தொட்டிகளுக்குப் போகும், பெருங்கல் பின்னால் போய் விழும். தான் தோண்டிய குட்டையிலேயே மிதந்து, முன்னால் தோண்டி, பின்னால் மூடி, குட்டையையும் கூடவே நகர்த்திக்கொண்டு போகும். 1959 வரை அது எடுத்த தங்கம் சுமார் 9 டன். வானிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு நெடுக மண்புழு கழித்தது போலக் கற்குவியல் வளைந்து வளைந்து கிடக்கும். பொனான்சாவும் எல்டொராடோவும் கூடும் இடத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்றொரு ஊர் இருந்தது. அதன் அடிமண்ணையும் தூர்வாரிகள் விட்டுவைக்கவில்லை.

இன்றும் குடும்பங்களும் சிறு நிறுவனங்களும் புல்டோசர் வைத்து அங்கே மண்ணைக் கழுவுகின்றன. முன்னோர் விட்ட மூலைகளிலும், சில இடங்களில் அவர்கள் கழித்த குவியலிலுமே கிடைக்கிறது. அரசுக்குச் செலுத்த வேண்டிய உரிமைத்தொகை அவுன்ஸுக்கு 37.5 சென்ட். தங்கம் அவுன்ஸ் 15 டாலர் என்று வைத்து 1906 சட்டம் போட்ட இரண்டரை சதவீதம் அது. விலை ஆயிரக்கணக்கான டாலராக ஏறியும் நூறாண்டுக்கு மேலாக அந்தக் கணக்கு மாறவில்லை. குழிகளின் பாதிப்பைச் சுமக்கும் ஓடைகளை எண்ணினால் இது நியாயமாகத் தெரியவில்லை.

தாய்ப்பாறை எங்கே என்ற தேடலும் நிற்கவில்லை. பொனான்சா உட்பட வளமான ஓடைகள் பலவும் கிங் சாலமன் டோம் என்ற மலையிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல இறங்குகின்றன. அங்கே பெரும் பொற்பாறை ஒன்று புதைந்திருக்கும் என்று பலர் தோண்டிப் பார்த்தார்கள். ஓடைகளுக்கு ஈடாக ஒன்றும் அகப்படவில்லை. தங்கம் இருந்த மலையின் மேற்பாதியைத்தான் மழை ஏற்கெனவே கரைத்து ஓடைக்கு அனுப்பிவிட்டது. நாம் தேடுகிற பாறை இருந்த இடத்தில் இப்போது வானம் இருக்கிறது.

கண்டுபிடிப்புப் பங்குக்கு மேலே உள்ள ஆறாம் பங்கில் பயணிகள் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தட்டு போட்டு அரிக்கலாம். போகிறவர்கள் ஓடையோரக் கல்லைப் புரட்டி அதன் அடிமண்ணை எடுக்க வேண்டும். தட்டை நீருக்குள் வைத்து முதலில் நன்றாகக் குலுக்குங்கள், தங்கம் அடிக்கு இறங்கட்டும். பிறகு சாய்த்து, மணிக்கட்டால் மட்டும் அலைபோல் தள்ளுங்கள். சாம்பல் நிறச் சரளை போகும், வெள்ளை மணல் போகும், கடைசியில் ஒரு பிடி கருமணல் நிற்கும். தட்டை லேசாகச் சுழற்றினால் அது வால்நட்சத்திரம் போல விரியும். வாலின் நுனியை விட்டுவிட்டுத் தலைப்பக்கம் பாருங்கள். கருமணலுக்கும் பின்னே, நகராமல், கடுகில் பாதி அளவில் மஞ்சளாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், தட்டைச் சாய்த்து நிழலில் வைத்துப் பாருங்கள். அபிரகத் தூள் நிழலில் மங்கிவிடும். தங்கம் அதே நிறத்தில் இருக்கும்.